பறிபோன பட்டமும் மீண்டு வந்த ஆட்டமும்: ஜொகூர் தந்த வோங் பெங் சூன்

ஒரு விளையாட்டு வீரரின் ஆட்டத்திறன் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அவருடைய உடலிலும் மனத்திலும் மட்டுமே காரணம் தேடுவது விளையாட்டுச் செய்திகளின் வழக்கமாக இருந்தாலும், அவர் பிறந்த மண்ணையும் வாழ்ந்த காலத்தையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அந்த ஏற்ற இறக்கங்களில் பல விளங்குவதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜொகூர் பாருவில் பிறந்து, மலாயாவின் தலைசிறந்த பூப்பந்து ஆட்டக்காரராக உயர்ந்த வோங் பெங் சூனின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1950, 1951, 1952 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அகில இங்கிலாந்துப் போட்டியின் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற அவர், 1953இலும் 1954இலும் அது தம்மைவிடப் பல ஆண்டுகள் இளையவரான மற்றொரு மலாயா வீரரிடம் சென்றதைக் கண்டு, 37 வயதைக் கடந்த நிலையில், 1955இல் அதே இளையவரை இறுதி ஆட்டத்தில் வென்று பட்டத்தை மீட்டார். உலகச் சாம்பியன் போட்டி என்ற ஒன்று பூப்பந்தில் தோன்றாதிருந்த அக்காலத்தில், 1899 முதல் நடந்துவந்த அகில இங்கிலாந்துப் போட்டியே உலகப் பட்டத்துக்கு நிகராகக் கருதப்பட்டது என்பதை நினைவிற்கொண்டால்தான் இந்த வெற்றியின் அளவு புலப்படும்.

தமிழ்நாட்டில் இறகுப்பந்து எனப்படும் இவ்விளையாட்டு மலேசியத் தமிழரிடையே பூப்பந்து என்றே வழங்குகிறது. தமிழ்நாட்டில் பூப்பந்து என்பது கம்பளி நூற்பந்தைக் கொண்டு ஆடும் வேறோர் ஆட்டம். மலாயாவில் இது விரைந்து பரவியதற்கு அதன் எளிமை ஒரு பெருங்காரணம். டென்னிசுக்கு வேண்டிய பரந்த புல்தரையும் அதைப் பேணும் செலவும் பெரும்பாலும் ஐரோப்பியர் மன்றங்களுக்கே கைகூடியிருந்த காலத்தில், 44 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலமும், இரண்டு கம்பங்களும், ஒரு வலையும் கிடைத்தால் பூப்பந்து ஆடிவிடலாம் என்பதால், வீட்டு வளாகங்களிலும் பள்ளி மைதானங்களிலும் தோட்டப்புறங்களிலும் ஆடுகளங்கள் தோன்றின. 'பார்ட்டி' என்று அழைக்கப்பட்ட சிறு குழுக்கள் ஊர்தோறும் அமைந்து தங்களுக்குள் போட்டியிட்டன. 1934இல் மலாயாவுக்கென ஒரு பூப்பந்துச் சங்கமும், 1937இல் மலாயாச் சாம்பியன் போட்டியும் தோன்றியபோது, அவற்றுக்கு அடித்தளமாக இருந்தவை இச்சிறு குழுக்களே.

ஜொகூருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருந்தது. சுல்தான் இப்ராஹிம் ஆட்சிக் காலத்தில், 1924இல் முறையாகத் திறந்துவைக்கப்பட்ட ஜொகூர் பாலம், அதாவது நீரிணையைக் கருங்கற்களால் நிரப்பி அமைத்த சாலையும் இருப்புப்பாதையும், ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் ஒரே அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவந்தது. இக்கரையில் ஆடத் தொடங்கிய இளைஞர் அக்கரையின் வலுவான குழுக்களோடு மோதித் தம்மைச் சோதித்துக்கொள்ள இயன்றது. பெங் சூனும் அவ்வாறே வளர்ந்தார். அதனால்தான் பிற்காலத்தில் ஜொகூரும் சிங்கப்பூரும் அவரைத் தத்தம் பிள்ளை என்று உரிமை கொண்டாடுகின்றன. (சீன வழக்கப்படி வோங் என்பது குடும்பப் பெயர், முன்னால் நிற்கும்.)

அவருடைய ஆட்டத்தின் தன்மையை அறிய, பூப்பந்தின் இயல்பைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். தக்கையில் செருகிய பதினாறு இறகுகளாலான அந்தப் பந்தின் எடை ஐந்து கிராம் அளவே. மட்டையை விட்டுக் கிளம்பும்போது அம்பெனப் பாய்ந்தாலும், இறகுகள் காற்றைத் தடுப்பதால் வெகுவிரைவில் வேகம் இழந்து, பாதையின் முடிவில் ஏறக்குறைய செங்குத்தாக விழும். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் மலாயாவின் கூடங்களில் பந்து தொலைவாகப் பறக்கும். அகில இங்கிலாந்துப் போட்டி நடந்த மார்ச் மாத லண்டன் குளிரிலோ அதே அடி பந்தைக் கோடுவரை கொண்டுசேர்க்காது. கிழக்கிலிருந்து சென்றவர்கள் தங்கள் அடிகளின் அளவு முழுவதையும் அங்கே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மேலும், ஓங்கி அடிப்பதைவிட, எங்கே அடிக்கப் போகிறோம் என்பதைக் கடைசி நொடிவரை எதிராளிக்கு மறைத்துவைப்பதே இவ்வாட்டத்தில் பெரிய ஆயுதம்.

பெங் சூன் புகழ்பெற்றது இத்தகைய ஆட்டத்தால்தான். அவருடைய கால்நகர்வின் ஒயிலையும் புறங்கை அடியையும் பார்த்தவர்கள் வியந்து பேசினர். புறங்கை அடி என்பது, மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்புறம் வரும் பந்தை, கையின் பின்பக்கம் முன்னோக்கியிருக்கத் திருப்பி அடிப்பது. பின்கோட்டருகே முதுகு எதிராளியை நோக்கியிருக்க நின்று, தோள்வலு முழுமையாகக் கூடாத அந்த நிலையில் பந்தை மறுமுனைக் கோட்டுவரை அனுப்புவதற்கு, மணிக்கட்டைச் சரியான நொடியில் சுண்டும் பழக்கம் வேண்டும். பெரும்பாலான ஆட்டக்காரர்களுக்கு அந்த மூலை பலவீனமான இடம்; எதிராளி அங்கேயே திரும்பத் திரும்பப் பந்தை அனுப்புவார். பெங் சூனிடம் அந்தத் தந்திரம் எடுபடவில்லை. அங்கிருந்தே அவர் தாக்கவும் செய்ததால், களத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக ஓடினாலே அவருக்குப் போதுமாயிற்று.

1940இலும் 1941இலும் மலாயாப் பட்டத்தை வென்று அவர் உச்சத்துக்கு வந்துகொண்டிருந்தபோது போர் குறுக்கிட்டது. 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் ஜொகூர் பாலத்தை வெடிவைத்துப் பிளந்தனர். இரண்டு வாரங்களில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள், ஜப்பானியர் கட்டாய உழைப்பால் அமைத்த சயாம் மரண ரயில் பாதையாக மலாயாத் தமிழரின் நினைவில் பதிந்துவிட்ட அந்த ஆண்டுகள், விளையாட்டு வரலாற்றில் வெற்றுப் பக்கங்கள். 1930களில் முன்னணியில் இருந்த தான் சோங் தீ என்ற பூப்பந்து வீரர், ஜப்பானியருக்கு எதிராக மறைவில் இயங்கிய 136ஆம் படையில் சேர்ந்து, பிடிபட்டுச் சிறையில் வதைபட்டார். பெங் சூனுக்கோ இருபதுகளின் நடுவிலிருந்து இறுதிவரை, ஒரு பந்தாட்டக்காரரின் உடல் மிகச் சிறப்பாக இயங்கும் ஆண்டுகள் அனைத்தும், போட்டியே இல்லாமல் கழிந்தன. அடுத்த மலாயாப் பட்டத்தை அவர் வென்றது 1947இல். அதன்பின் 1949 முதல் 1953 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்று, மொத்தம் எட்டு மலாயாப் பட்டங்களுக்கு உரியவரானார்.

மலாயாவை உலகம் திரும்பிப் பார்க்கவைத்தது 1949ஆம் ஆண்டின் தாமஸ் கிண்ணம். அனைத்துலகப் பூப்பந்துச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் தாமஸ் 1939இல் வழங்கி, போரால் தள்ளிப்போய், 1948-49 பருவத்தில்தான் முதன்முறையாக நடந்த அந்த ஆண்கள் குழுப் போட்டியில், ஒவ்வொரு மோதலும் ஐந்து ஒற்றையர், நான்கு இரட்டையர் என ஒன்பது ஆட்டங்களைக் கொண்டிருந்தது. மலாயாக் குழு கிளாஸ்கோவில் அமெரிக்காவை 6-3 என்றும், பிரெஸ்டனில் டென்மார்க்கை 8-1 என்றும் வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தது. அந்நேரத்தில் மலாயாவில் அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. மலாயாக் கூட்டரசு சிங்கப்பூரைத் தனியே நிறுத்திவிட்டு 1948இல்தான் உருவாகியிருந்தது. அரசியலில் பிரிந்துநின்ற சிங்கப்பூர், ஜொகூர், பினாங்கு வீரர்கள் பூப்பந்தில் ஒரே கொடியின்கீழ் ஆடியது, விடுதலைக்கு எட்டு ஆண்டுகள் முன்பே மக்கள் கண்ணால் கண்ட ஒரு 'மலாயா' ஆகும். இதற்கு உரிய இடத்தை வரலாற்று நூல்கள் இன்னும் தரவில்லை.

எனினும், அந்த வெற்றியினூடே பெங் சூனுக்கு ஒரு தோல்வி நேர்ந்தது. அமெரிக்காவின் டேவ் ஃப்ரீமன் அவரை வென்றார். இளமையில் டென்னிசிலும் தம் நாட்டின் இளையோர் பட்டத்தை வென்றிருந்த ஃப்ரீமன், அவ்வாண்டு அகில இங்கிலாந்துப் பட்டத்தையும் வென்றபின் மருத்துவத் துறைக்குச் சென்றுவிட்டார். மறு ஆண்டு அதே பட்டத்தைப் பெங் சூன் வென்று, அகில இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தைப் பெற்ற முதல் ஆசியர் ஆனார். 1951இல் இறுதி ஆட்டத்தின் இருபுறமும் மலாயாக்காரர்களே நின்றனர். எதிரே நின்ற ஓங் போ லிம்மை அவர் வென்றார். 1952இல் சிங்கப்பூரில் நடந்த தாமஸ் கிண்ணப் போட்டிகளில், இந்தியக் குழு அமெரிக்காவிடம் 4-5 என்று நூலிழையில் வாய்ப்பை இழக்க, அந்த அமெரிக்காவை மலாயா 7-2 என வீழ்த்திக் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

இந்நிலையில்தான் பினாங்கைச் சேர்ந்த எடி சூங் எழுந்தார். லண்டனில் சட்டம் படிக்கச் சென்று அங்கேயே ஆட்டத்தைத் தீட்டிக்கொண்ட அவர், குள்ளமான உருவத்தை ஈடுகட்டும் வகையில் அந்தரத்தில் துள்ளி ஓங்கி அடிப்பவர்; களைப்பு என்பதே அறியாதவர் போலக் களம் முழுவதும் பாய்ந்து எடுப்பவர். 1953, 1954 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அகில இங்கிலாந்துப் பட்டம் அவருடையதாயிற்று. மலாயாப் பட்டங்களின் வரிசையும் 1953உடன் பெங் சூனுக்கு நின்றுபோயிற்று. ஒரு தலைமுறை முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது என்று எவரும் எண்ணியிருந்தால் அதில் தவறு காண முடியாது.

1955 மார்ச் மாதம், லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் உள்ள எம்பிரஸ் அரங்கில், இவ்விருவரும் இறுதி ஆட்டத்தில் சந்தித்தனர். முடிவு 15-7, 14-17, 15-10 எனப் பெங் சூனுக்குச் சாதகமாக அமைந்தது. இந்த எண்களைப் படிக்க அக்கால விதியை அறிய வேண்டும். அப்போது பந்தைத் தொடங்கி வைப்பவர், அதாவது 'செர்வ்' செய்பவர், வென்றால் மட்டுமே புள்ளி. எதிராளி வென்றால் செர்வ் கைமாறுமே தவிரப் புள்ளி ஏறாது. ஆகையால் பலகையில் எண் நகராமலே நெடுநேரம் போராட்டம் நடக்கும். பதினைந்து புள்ளி எடுப்பவர் ஓர் ஆட்டத்தை வெல்வார். இருவரும் பதினான்கில் சமமாக நின்றால், அதை முதலில் எட்டியவர் விரும்பினால் இன்னும் மூன்று புள்ளிகளுக்கு ஆட்டத்தை நீட்டலாம். இதை 'செட்டிங்' என்பர். இரண்டாவது ஆட்டம் 14-17 என்று முடிந்ததற்குப் பொருள் இதுதான்: பதினான்குக்குப் பதினான்கு என்ற சமநிலையில், பட்டத்துக்குச் சில புள்ளிகள் தொலைவில் பெங் சூன் நின்றிருக்கிறார், நீட்டிய மூன்று புள்ளிகளில் ஒன்றைக்கூட விட்டுத்தராமல் எடி சூங் எடுத்திருக்கிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன அந்த நிலையில், இருபதுகளில் இருக்கும் எதிராளிக்கு எதிராக, நாற்பதை நெருங்கும் ஒருவர் மூன்றாவது ஆட்டத்துக்கு மீண்டும் களத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதையும் அவர் 15-10 என வென்றார். அகில இங்கிலாந்து வரலாற்றில் எண்களாலேயே இவ்வளவு சொல்லும் இறுதி ஆட்டங்கள் மிகச் சிலவே.

இம்மீட்சிக்கு மன உறுதியைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆனால் அது முழு விளக்கம் ஆகாது. எடி சூங்கின் ஆட்டம் கால்களின் ஆற்றலைச் செலவிட்டது. பெங் சூனுடையது அதைச் சேமித்தது. போர் பறித்துக்கொண்ட ஆண்டுகளுக்குப் பின் முப்பது வயதில் உலக அரங்குக்குப் புறப்பட்ட ஒருவர், இளமையின் வேகத்தை நம்பி ஆட்டத்தைக் கட்டியிருக்க முடியாது. இடம் அறிதலையும் மறைத்து அடித்தலையும் மணிக்கட்டின் துல்லியத்தையும் நம்பியே கட்டியிருக்க வேண்டும். வயது தொடுவதற்கு மிகவும் தாமதமாகும் திறன்கள் அவையே. இவ்வகையில் அவருடைய மீள்வருகைக்கான விதை, பட்டம் பறிபோவதற்கு நெடுநாள் முன்பே ஊன்றப்பட்டுவிட்டது என்று கருத இடமுண்டு.

அதே காலத்தில் தமிழ்நாட்டிலும் இதற்கு இணையான ஒருவர் உருவாகிக்கொண்டிருந்தார். தென்காசியில் தந்தையிடம் டென்னிஸ் பயின்று, 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியரான இராமநாதன் கிருஷ்ணனின் ஆட்டத்திலும் வலிமையைவிடத் தொடுகையின் நயமே மேலோங்கியிருந்தது. 1966 டிசம்பரில் கல்கத்தாவில், பிரேசிலுக்கு எதிரான டேவிஸ் கிண்ண மோதலின் முடிவு ஆட்டத்தில், தாமஸ் கோக்கிடம் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கிலும், நான்காவது செட்டில் 2-5 என்றும் பின்தங்கியிருந்த கிருஷ்ணன், அந்தச் செட்டை 7-5 என்றும் அடுத்ததை 6-2 என்றும் எடுத்து, இந்தியாவை முதன்முறையாக அப்போட்டியின் உச்சச் சுற்றுக்குக் கொண்டுசென்றார். உச்ச ஆண்டுகளைக் கடந்தவர் என்று கருதப்பட்ட வேளையில் அவருக்குக் கைகொடுத்ததும் அந்த நயமே.

பெங் சூனின் 1955 அத்துடன் முடியவில்லை. அவ்வாண்டே சிங்கப்பூர்ப் பூப்பந்து அரங்கில் நடந்த தாமஸ் கிண்ண இறுதி மோதலில், லண்டனில் எதிரெதிர் நின்ற அவரும் எடி சூங்கும் ஒரே குழுவில் ஆட, மலாயா டென்மார்க்கை 8-1 என வென்று மூன்றாம் முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அகில இங்கிலாந்துப் பட்டம் 1956, 1957 ஆண்டுகளில் மீண்டும் எடி சூங்கிடம் சென்றது. பெங் சூன் இல்லாத மலாயாக் குழு 1958இல் அதே சிங்கப்பூரில் இந்தோனேசியாவிடம் 3-6 எனத் தோற்றுத் தாமஸ் கிண்ணத்தை முதன்முறையாக இழந்தது. பின்னர்ப் பயிற்றுநராக இளையோரை உருவாக்கிய அவருக்கு 1962இல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது வழங்கப்பட்டது. 1996இல் அவர் சிங்கப்பூரில் மறைந்தார்.

(தொடரும்)