மருந்தும் அதன் ஊர்தியும்: சிறு ஆர்.என்.ஏ. ஆராய்ச்சி வரலாறு

1934ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. மாவனல்லையைத் தொட்டோடும் மா ஓயா, பாறைகளுக்கிடையே குட்டை குட்டையாகத் தேங்கிற்று. அக்குட்டைகளிற் பெருகிய நுளம்புகள் பரப்பிய மலேரியாக் காய்ச்சல், அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிச் சில திங்களுள் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சூறையாடியது. இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்பர். கொயினா அக்காலத்தில் அறியப்படாத மருந்தன்று. அதனைத் தரும் சிங்கோனா மரம் முன்னைய நூற்றாண்டில் இந்நாட்டு மலைகளிலேயே பயிரிடப்பட்டதும் உண்டு. மருந்து இருந்தது, அதனைக் குடிசைதோறும் சுமந்து செல்லும் கைகளே போதவில்லை. சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் கேகாலைச் சிற்றூர்களில் மருந்தும் உணவும் கொண்டு நடந்தமை அக்குறையை ஓரளவு நீக்கியது.

மருந்தை அறிதல் ஒன்று. நோயுள்ள இடத்தில் அதனைச் சேர்த்தல் மற்றொன்று. ஊருக்குப் பொருந்தும் இவ்வேறுபாடு, கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கலத்துக்கும் பொருந்தும். அண்மைக்கால உயிரியலில் இதற்குத் தக்க சான்று சிறு ஆர்.என்.ஏ.யின் வரலாறாகும்.

உயிர்க்கலம் ஒவ்வொன்றும் தன் கருவிலுள்ள பரம்பரையலகின் கட்டளையை ஆர்.என்.ஏ. என்னும் ஓலையில் எழுதிப் புரதம் ஆக்குமிடத்துக்கு அனுப்புகின்றது. அவ்வோலையை இடைமறித்து, அதன் செய்தியை அடக்கிவிடும் குறுகிய ஆர்.என்.ஏ.யும் கலத்தினுள்ளேயே உண்டு என்பதை 1993இல் விக்டர் அம்புரோசு, கேரி ரவ்கன் ஆகிய இருவரின் ஆய்வுகூடங்கள் வெளியிட்டன. ஆராயப்பட்டதோ ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு புழு. கண்டதோ 22 எழுத்துக்கள் மட்டுமே கொண்ட ஆர்.என்.ஏ. புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றே அறிஞருலகம் அதனைப் பல ஆண்டுகள் கருதியிருந்தது. 2000ஆம் ஆண்டில் அதனையொத்த மற்றொன்று மனிதனிடத்தும் உளதெனத் தெரிந்த பின்னரே கவனம் திரும்பியது. 2002இல் கார்லோ குரோசேயின் ஆய்வாளர், ஒருவகை இரத்தப் புற்றுநோயாளர் பலரிடத்து இத்தகைய இரு சிறு ஆர்.என்.ஏ.க்கள் இழக்கப்பட்டோ குறைந்தோ இருப்பதைக் காட்டினர். நோய்க்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பு அவ்வாறு வெளிப்பட்டது.

இதற்கிடையில், 1998இல் அன்ரூ ஃபயரும் கிரேக் மெல்லோவும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைப் புழுவினுட் செலுத்தி, வேண்டிய பரம்பரையலகை வேண்டியபோது அடக்கலாம் என நிறுவினர். நோய் விளைக்கும் புரதத்தை அதன் பிறப்பிடத்திலேயே தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை எழுந்தது. ஃபயர், மெல்லோ இருவருக்கும் 2006இலும், அம்புரோசு, ரவ்கன் இருவருக்கும் 2024இலும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. தகுதியுடையோர்க்கே தகுதியானது சென்றது. ஆயினும் கண்டறிந்தவரை மேடையேற்றும் வரலாறு, கொண்டு சேர்த்தவரை அடிக்குறிப்பிலேயே விட்டுவிடும் வழக்கமுடையது.

கொண்டு சேர்ப்பது எளிதாயிருக்கவில்லை. ஆர்.என்.ஏ. இரத்தத்திற் கலந்தவுடன் அங்குள்ள நொதியங்கள் அதனைச் சில நிமிடங்களிற் சிதைத்துவிடும். தப்பியதோ கலத்தின் கொழுப்புச் சுவரைத் தாண்டமாட்டாது. பெருநிறுவனங்கள் சில பொருளை இறைத்துப் பயன் காணாது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்துறையைக் கைவிட்டன.

கைவிடாதவருள் ஒருவர் முத்தையா மனோகரன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனவியல் கற்று, ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 2003இல் மசாச்சூசெற்சு மாநிலத்து அல்நைலம் நிறுவனத்தை அடைந்தார். ஆர்.என்.ஏ.யின் வெல்லத்தில் ஓரிடத்திலுள்ள ஐதரொட்சில் கூட்டமே அதன் நலிவுக்குப் பெருங்காரணம். அவரும் அவர்தம் குழுவினரும் அவ்விடத்திற் புளோரினையும் மெதொட்சிக் கூட்டத்தையும் அமர்த்தினர். முதுகெலும்பு போன்ற பொசுபேற்றுத் தொடரின் முனைகளில் ஒட்சிசனுக்குப் பதிலாகக் கந்தகத்தை வைத்தனர். அளவு மிகுந்தால் மருந்து தன் தொழிலையே மறந்துவிடும், குறைந்தால் அழிந்துவிடும். எந்த எழுத்துக்கு எம்மாற்றம் என்பதைப் பன்முறை செய்து பார்த்தே அறிய வேண்டியிருந்தது. வீட்டுச் சமையலில் உப்பிடுதல் போன்றதே இதுவும்.

2004இல் கொலஸ்திரோல் மூலக்கூறொன்றை ஆர்.என்.ஏ.யுடன் பிணைத்துச் சுண்டெலியின் ஈரலிற் சேர்த்துக் காட்டினர். பின்னர் அதனினும் நுட்பமான வழி கைகூடியது. கலக்டோசு இனத்தைச் சார்ந்த ஒரு வெல்லத்தை இனங்கண்டு உள்ளிழுக்கும் புரதமொன்று ஈரற்கலங்களின் மேற்பரப்பிலே செறிந்துள்ளது. அவ்வெல்லத்தில் மூன்றினை ஆர்.என்.ஏ.யின் ஒரு முனையிற் கொத்தாகக் கட்டிவிட்டால், தோலின்கீழ் ஏற்றிய மருந்தை ஈரல் தானே அழைத்துக்கொள்ளும். கொழுப்புத் துணிக்கையிற் பொதிந்த முதல் மருந்து நரம்புகளைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. வெல்லம் பூண்ட முதல் மருந்து 2019இல் அனுமதி பெற்றது.

இவற்றுள் இன்கிலிசிரான் என்பது இரத்தக் கொலஸ்திரோலைக் குறைப்பது. தொடக்க ஊசிகளின் பின் ஆண்டுக்கு இருமுறை ஏற்றினாற் போதும். தோட்டத்து நாட்கூலியாளர் ஒருவர் மாதாந்தக் கிளினிக்குக்கு வந்து போனால் ஒரு நாட் சம்பளம் போய்விடுகின்றது. அத்தகையோர்க்கு அறுதிங்களுக்கு ஓரூசி என்பது சிறு சலுகையன்று. அது அவர் கைக்கு வருமா என்பது விலையையும் அரசின் கொள்வனவையும் பொறுத்தது. இரசாயனவியலார் அதற்குப் பொறுப்பல்லர்.

ஏனைய உறுப்புக்கள் ஈரலைப்போல் இணங்குவனவல்ல. பதினாறு காபன் அணுக்கள் கொண்ட கொழுப்புச் சங்கிலியொன்றைப் பிணைத்து மூளை, கண், நுரையீரல் ஆகியவற்றின் கலங்களை விலங்குகளில் அடைந்தமையை அல்நைலம் ஆய்வாளர் 2022இல் வெளியிட்டனர். மூளையைப் பொறுத்தவரை அம்மருந்தை இன்னும் முதுகுத்தண்டின் நீரிலேயே ஊசியால் ஏற்ற வேண்டியுள்ளது.