ஒரு விளம்பரமும் ஒரு நோயும்



நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில், ஆண்டுதோறும் பள்ளியில் காசநோய் வில்லைகளை விற்பதுண்டு. ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், "ஐயா, நான் கொடுக்கும் காசினால் யாருக்கு நோய் தீரும்?" என்று வினவினான். "யாரேனும் ஒருவருக்குத் தீரும், போய் உட்கார்" என்றேன். அது விடையன்று என்பது அப்போதே எனக்குத் தெரியும். பின்னாளில் அமெரிக்க நாட்டு வரலாறொன்றைப் படித்தபோது அவன் முகம் நினைவுக்கு வந்தது. அவ்வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

மூளையிலும் தண்டுவடத்திலும் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போன்றதோர் உறை உண்டு. அவ்வுறை ஆங்காங்கே அழிந்து தழும்பாகி இறுகுவதே மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோய். கண் மங்கும், கால் தள்ளாடும், சில காலம் தணிந்து, மீண்டும் தாக்கும். பெரும்பாலும் இளமையிலேயே வருவது இதன் கொடுமை. பாரிஸ் நகரத்து மருத்துவர் சார்க்கோ 1868-ஆம் ஆண்டிலேயே இதனைத் தனி நோயென விளக்கிக் காட்டினார். ஆயினும் அடுத்த முக்கால் நூற்றாண்டில் நோய்க்குப் பெயர் இருந்ததேயன்றி மருந்து இருந்ததில்லை.

நியூயார்க்கில் சில்வியா லாரி என்னும் இளம்பெண்ணின் தம்பி பெர்னார்டை இந்நோய் பற்றியது. மருத்துவர்கள் கைவிரித்தனர். 1945-ஆம் ஆண்டு மே மாதம் அப்பெண் நியூயார்க் டைம்ஸ் இதழில் சிறு விளம்பரம் ஒன்றை வெளியிட்டார். இந்நோயிலிருந்து மீண்டவர் எவரேனும் இருந்தால் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஐம்பதுக்கு மேற்பட்ட கடிதங்கள் வந்தன. ஆனால் அவற்றை எழுதியோர் தாமும் நோயுற்றவர்கள், அல்லது அவர்தம் உறவினர். வழி தெரிந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் என்றே அவர்கள் கேட்டிருந்தனர்!

வேறொருவராயின் கடிதங்களைக் கட்டி வைத்துவிட்டு அழுதிருப்பார். லாரி, அறிவியலறிஞர் இருபதின்மரைக் கூட்டி, 1946-இல் இந்நோய் ஆராய்ச்சிக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே பின்னர் தேசிய மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் சங்கம் எனப் பெயர் பெற்றது.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவனுக்கு இன்றைக்கு வேண்டுவது சக்கர நாற்காலி. துணைக்கு ஓர் ஆள். அவனுக்கென்று திரட்டிய பணத்தை, என்று பலன் தரும் என்று கூறவியலாத சோதனைச் சாலைக்கு அனுப்புவது அறமாகுமா? எளிதில் தீர்ப்பளிக்கத் தக்க வினாவன்று இது. நோயாளர்க்கு உதவும் பணியையும் சங்கம் விட்டுவிடவில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்கென்று ஒரு பங்கை ஒதுக்கியே வந்தது. அது சரியென்றே நான் கருதுகிறேன். ஆனால் என் தம்பி படுக்கையில் கிடந்திருந்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருப்பேனா?

சங்கத்தின் முதல் நன்கொடை கொலம்பியா பல்கலைக்கழகத்து எல்வின் காபட் என்பாருக்குச் சென்றது. நோயாளரின் தண்டுவட நீரில் காமா குளோபுலின் என்னும் புரதம் மிகுந்திருப்பதை ஆராய்ந்தவர் அவர். நோயை எதிர்க்கும் புரதங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. மூளைத் திசுவைத் தக்க துணைப்பொருளோடு குரங்குகளுக்குச் செலுத்தி, இதையொத்த நோயை விரைவில் உண்டாக்கலாம் என்று 1947-இல் அவர் குழுவினர் வெளியிட்டனர். காவற்காரனே வீட்டைத் தாக்குவது போல, உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புறையைத் தாக்குகிறது என்னும் கருத்து இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது.

ஆனால் நன்கொடைப் பணம் எவ்வளவு தூரம் போகும்? 1949-இல் லாரி அமெரிக்கச் செனட் குழுவின் முன் சென்று அரசின் உதவியை வேண்டினார். செனட்டர் சார்லஸ் டோபியின் மகளுக்கும் இந்நோய் இருந்தது. அவரே இதற்கெனச் சட்ட முன்வரைவு கொணர்ந்தார். அடுத்த ஆண்டே நரம்பு நோய்களுக்கும் பார்வையின்மைக்கும் ஆன தேசிய ஆராய்ச்சி நிலையம் சட்டப்படி அமைந்தது. சங்கம் தன் பெட்டியிலிருந்து கொடுத்ததைக் காட்டிலும், அரசின் கருவூலத்தைத் திறக்கச் செய்ததே பெரிது என்பேன்.

நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் முதல் மருந்தாகிய பீட்டா இண்டர்ஃபெரான் 1993-ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நோயை முற்றிலும் நீக்குவதன்று அது. ஆயினும் அதன்பின் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்தன. விளம்பரம் வெளிவந்து 48 ஆண்டுகள் கழிந்திருந்தன. லாரி அந்நாளைக் கண்டு, 2001-இல் மறைந்தார். பெர்னார்டு அதற்கு முன்னரே இறந்துவிட்டார்.