தோல் தடிப்பும் கொல்திறனும்: காசநோய்த் தடுப்பாற்றலை எதைக்கொண்டு அளப்பது?

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு காசநோய் ஆராய்ச்சியை இன்றும் உறுத்திக்கொண்டிருக்கிறது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ போட்டு, 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. அதே ஊசி போட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் சோதனை செய்தபோது தோல் நன்றாகவே தடித்திருந்தது. சுற்றுச்சூழலில் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களின் தாக்கம் முதலாகப் பல விளக்கங்கள் இதற்குச் சொல்லப்பட்டுள்ளன. அவற்றை நான் மறுக்கவில்லை. என் வாதம் அளவுகோலைப் பற்றியது. டி செல்கள் என்ற தடுப்பாற்றல் செல்கள் கிருமியை இனங்கண்டு திரண்டு வந்ததைத் தோல் தடிப்பு காட்டும். வந்தவை எதையாவது கொன்றனவா என்பதை அது காட்டாது.

பாப்பிரெட்டிப்பட்டி என்ற ஊரில் ஒரு காசநோயாளியின் வீட்டாருக்கு இந்தச் சோதனையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். முன்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, குறுக்களவை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். சிவந்த பரப்பு கணக்கில் வராது, கெட்டித்த பகுதி மட்டுமே அளவு. கடும் ஊட்டக்குறைவு உள்ளவருக்குத் தொற்று இருந்தும் தோல் தடிக்காமல் போகலாம். உடல் தளர்ந்தவரிடம் தடிப்பு பேசாது. தடித்தவரிடமும் அது முழுதாகப் பேசுவதில்லை.

கொல்லுதல் நடக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த இடைவெளி தெளிவாகும். கொல்லி டி செல்களும் இயற்கைக் கொல்லி செல்களும் அமிலத்தன்மை கொண்ட குறுமணிகளைத் தமக்குள் வைத்திருக்கின்றன. அவற்றில் கிரான்சைம்கள் என்ற புரதவெட்டு நொதிகள் உள்ளன. மாசன், சோப் என்ற ஆய்வாளர்கள் 1987இல் விவரித்த இக்குடும்பத்தில் மனிதரிடம் ஏ, பி, எச், கே, எம் என ஐந்து உண்டு. கெதெப்சின் சி என்ற மற்றொரு நொதி, இவற்றின் முனையிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை நறுக்கிய பிறகே இவற்றுக்கு வெட்டும் திறன் வருகிறது. திறன் வந்தாலும் குறுமணியின் அமிலச் சூழல் அவற்றை அடக்கி வைத்திருக்கும். இலக்கு செல்லைத் தொட்டதும் குறுமணிகள் தொடுமுகத்துக்கு நகர்ந்து திறக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் பெர்ஃபோரின் என்ற புரதம் கால்சியத்தின் துணையோடு இலக்கின் சவ்வில் துளையிட, கிரான்சைம்கள் உள்ளே நுழைகின்றன. கிரான்சைம் பி கண்டபடி வெட்டுவதில்லை. புரதச் சங்கிலியில் அஸ்பார்டிக் அமிலம் நிற்கும் குறிப்பிட்ட இடங்களை நாடி வெட்டும். அது கேஸ்பேஸ்-3 என்ற நொதியை வெட்டி முடுக்கிவிடுகிறது. பிட் என்ற புரதத்தை வெட்டி மைட்டோகாண்ட்ரியாவைக் குலைக்கிறது. செல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது.

காசநோயில் இது போதாது. கிருமி பெருவிழுங்கி செல்லுக்குள் பதுங்கியிருப்பதால், அந்தச் செல் இறப்பதாலேயே கிருமியும் இறந்துவிடாது. இங்கேதான் குறுமணியிலுள்ள மூன்றாவது பொருளான கிரானுலைசின் முக்கியமாகிறது. பெர்ஃபோரினோடு சேர்ந்து அது செல்லுக்குள் இருக்கும் காசநோய்க் கிருமியைக் கொல்வதை ஸ்டெங்கரும் சகாக்களும் 1998இல் காட்டினார்கள். கிரானுலைசின் பாக்டீரியாவின் சவ்வைத் துளைக்க, கிரான்சைம்கள் அதற்குள்ளும் புகுந்து சுவாசத்துக்கான புரதங்களை வெட்டுவதை ஜூடி லீபர்மன் குழு 2014இல் நிறுவியது. காசநோய்க் கிருமியிலும் கிரான்சைம் பி வளர்சிதை மாற்றத்தையும் புரத உற்பத்தியையும் முடக்குகிறது என்று அக்குழு 2017இல் காட்டியது.

பெர்ஃபோரின் மரபணு இல்லாத எலிகள் காசநோயின் தொடக்க நிலையை ஓரளவு தாங்கியதால், இந்தப் பாதை அத்தனை முக்கியமில்லை என்று சிலர் முடிவுகட்டினார்கள். அவசர முடிவு அது. எலிக்குக் கிரானுலைசினே கிடையாது! இல்லாத ஆயுதத்தின் பயனை எலியிடம் சோதிக்க முடியாது. மனிதரிடம் கிடைத்த சான்று வேறு திசையைக் காட்டுகிறது. மூட்டுவாதத்துக்கு இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களிடம் பெர்ஃபோரினும் கிரானுலைசினும் தாங்கிய டி செல்கள் குறைந்ததையும், காசநோய்க் கிருமியைக் கொல்லும் திறன் தளர்ந்ததையும் 2009இல் கண்டார்கள். அம்மருந்து காசநோயைக் கிளப்பிவிடும் என்பது ஏற்கனவே தெரிந்ததே. அது தடுக்கும் டிஎன்எஃப் என்ற சமிக்ஞைப் புரதம் வேறு வழிகளிலும் கிருமியை அடக்குவதால் இச்சான்று தனித்து நிற்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டி செல்கள் திரள்வதை மட்டும் அளந்தால் போதாது என்பதையே எம்விஏ85ஏ என்ற காசநோய்த் தடுப்பூசியின் கதையும் சொல்கிறது. இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும் டி செல்களை அது எழுப்பியது. ஆனால் தென்னாப்பிரிக்கக் குழந்தைகளிடம் நோயைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை என்று 2013இல் தெரிந்தது. இன்டர்ஃபெரான் தேவையற்றது என்பதல்ல இதன் பொருள். பிறவியிலேயே அந்தப் பாதை பழுதானவர்களைப் பிசிஜி ஊசிக்கிருமியே நோயில் தள்ளுகிறது. அது தேவை, ஆனால் அது மட்டும் போதாது.

2024 முதல் நாட்டின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு மீண்டும் பிசிஜி போட்டுப் பார்க்கிறார்கள். இதில் ஒரு பகுதியினரிடமாவது, ஊசிக்கு முன்னும் பின்னும் இரத்தம் எடுத்து உறையவைக்க வேண்டும். கிருமி தொற்றிய செல்களோடு அவர்களுடைய டி செல்களைச் சேர்த்து, எத்தனை குறுமணிகளைத் திறக்கின்றன, எவ்வளவு கிரான்சைமும் கிரானுலைசினும் வைத்திருக்கின்றன, கடைசியில் எத்தனை கிருமிகள் உயிரோடு மிஞ்சுகின்றன என்று எண்ண வேண்டும். கடைசி எண்ணிக்கைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், செலவும் கூடும். ஆனால் செங்கல்பட்டு ஆய்வு கேட்காமல் விட்ட கேள்வியை இம்முறையும் விட்டுவிட்டால், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் ஊசிக்குக் கை நீட்டுபவருக்கு அது ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.