அடைக்கலம் தேடிய செல்வம்

புதுச்சேரியின் குருசுக்குப்பத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்றால், பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டி ஆண்ட பழைய நகர்ப்பகுதியை அடையலாம். நாடு குழம்பும்போது செல்வந்தர் தம் பொருளை அந்நியர் நிழலுக்கு அனுப்பும் வழக்கம் நம் காலத்தில் தோன்றியதன்று. அதற்கு இம்மண்ணே சான்று.

1740ஆம் ஆண்டு மே மாதம், ரகூஜி போன்ஸ்லே தலைமையில் வந்த மராட்டியப் படையைத் தாமல்செருவுக் கணவாயில் எதிர்த்த ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலீ கான் போர்க்களத்தில் மாண்டார். சில நாட்களிலேயே அவருடைய குடும்பத்தார் நகைகளோடும் திரவியத்தோடும் புதுச்சேரி வாயிலை அடைந்தனர். மருமகன் சந்தா சாஹிபின் குடும்பமும் அங்கே புகலடைந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் சந்தா சாஹிபின் துணையால் பிரெஞ்சுக்காரர் காரைக்காலைப் பெற்றிருந்தனர். கவர்னர் துமா வந்தவர்களை மரியாதையுடன் வரவேற்றார். அவர்களையும் பொருளையும் ஒப்படைக்குமாறு ரகூஜி மிரட்டியபோது, துமா இணங்க மறுத்தார். அமானிதம் காக்கப்பட்டது. அதைப் பாராட்டி டில்லிப் பேரரசர் முஹம்மது ஷா அவருக்கு நவாப் பட்டமளித்தார்.

ஆனால் அந்த மதிலுக்குள் இடம் யாருக்குக் கிடைத்தது? அதே படையெடுப்பில் பரங்கிப்பேட்டை சூறையாடப்பட்டது. அங்கே தறியையும் பண்டகசாலையையும் நம்பி வாழ்ந்தவர்க்குக் கதவு திறக்க எந்தக் கவர்னரும் இல்லை. நாட்டைக் காக்கும் பொறுப்பு எவரிடம் இருந்ததோ, அவர்களுடைய பெட்டகங்களே முதலில் பத்திரமாயின.

தோஸ்த் அலீயின் மகன் ஸப்தர் அலீயோ பின்னர்த் தம் குடும்பத்தையும் திரவியத்தையும் ஆங்கிலேயரின் சென்னைக்கு மாற்றினார். எனினும் 1742இல் வேலூரில் அவர் கொலையுண்டார். பொருளுக்குக் கிடைத்த காவல் உயிருக்குக் கிடைக்கவில்லை.

அடைக்கலத்திற்கும் விலை உண்டு. மராட்டியர் சிறையிலிருந்து 1748இல் மீண்ட சந்தா சாஹிப், பிரெஞ்சுப் படைபலத்தால் 1749இல் ஆம்பூரில் வென்றார். நன்றிக்கடனாக வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் ஊர்களைப் பிரெஞ்சுக்காரருக்கு வழங்கினார். 1752இல் அவரும் கொல்லப்பட்டார். காவலராக வந்தவர்கள் உரிமையாளராயினர். கர்நாடகம் இரு அந்நியக் கம்பெனிகளின் போர்க்களமாயிற்று.

1761 ஜனவரியில் அந்தப் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது, கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. நவாபுகளின் செல்வம் ஒதுங்கி நின்ற மதில்கள் அதன்பின் 21 ஆண்டுகள்கூட முழுமையாக நிற்கவில்லை. நாட்டில் நீதியும் நம்பிக்கையும் குலைந்தபின், எந்த அந்நியக் கோட்டையும் செல்வத்திற்கு நிலையான காவலாகாது என்பதையே இவ்வரலாறு நமக்கு உணர்த்துகிறது.