"எப்பவுமே இப்படித்தான்" என்றவர்களுக்கு ஒரு பதில்

"சரித்திரம் படிச்சு என்னய்யா கிழிக்கப் போறே?" என்று விடுதியில் பி.எஸ்ஸி. நண்பர்கள் என்னைக் கேலி செய்தது இம்மலரைப் படிக்கும் சிலருக்கு நினைவிருக்கலாம். அவர்களுக்குச் சொல்ல ஒரு பதில் எனக்கு எம்.ஏ.வில் அமெரிக்க வரலாறு படித்தபோது கிடைத்தது. அது சி. வான் உட்வர்ட் என்ற பேராசிரியரின் கதை.

உட்வர்ட் 1908-இல் அர்க்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த வெள்ளைக்காரர். ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் பிறகு யேலிலும் பாடம் நடத்தினார். 1954 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு என்று பிள்ளைகளைப் பிரித்து வைப்பது செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்களில் ஒரே கொதிப்பு. "இது பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம், சட்டம் போட்டு மாத்திடுவீங்களா?" என்பதே அங்கே பேச்சு. அதே ஆண்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் உட்வர்ட் சொற்பொழிவாற்றினார். அது 1955-இல் 'தி ஸ்ட்ரேஞ்ச் கேரியர் ஆஃப் ஜிம் க்ரோ' என்ற நூலாயிற்று. ஜிம் க்ரோ என்பது அந்த ஒதுக்கல் சட்டங்களுக்கு வழங்கிய பெயர்.

பாட்டனாவது பூட்டனாவது! அடிமைமுறை ஒழிந்தது 1865-இல். ஒதுக்கல் சட்டங்களில் பெரும்பாலானவை அதற்கு ஒரு தலைமுறை கழித்து, 1890-களிலும் அதற்குப் பின்னும் போடப்பட்டவை என்று அவர் தேதி வாரியாகக் காட்டினார். லூசியானாவில் 1896-இல் பதிவு செய்திருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்! இடையில் 1898-இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி எழுதியிருந்தார்கள். வழக்கமா இது?

எனக்கு மறக்காத பக்கம் ஒன்று உண்டு. 1898-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு வெள்ளையர் பத்திரிகை, ரயிலில் தனிப்பெட்டி எதற்கு என்று நையாண்டி செய்தது. அப்படியானால் டிராமிலும் பிரியுங்கள், காத்திருக்கும் அறையிலும் பிரியுங்கள், கோர்ட்டில் சத்தியம் செய்யும் பைபிளைக்கூட தனியாக வையுங்கள் என்று எழுதியது. சில ஆண்டுகளில் தனி பைபிள் உட்பட அநேகமாக எல்லாமே நிஜமாகிவிட்டது. படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவரை மறுத்தவர்களும் உண்டு. அடிமைக் காலத்து நகரங்களிலும் வட மாநிலங்களிலும் ஒதுக்கல் ஏற்கெனவே இருந்ததே என்று ரிச்சர்ட் வேடும் லியோன் லிட்வாக்கும் எழுதினார்கள். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை. புதிய பதிப்புகளில் அவற்றையும் கணக்கில் எடுத்துத் திருத்தினார்.

1965 மார்ச் 25 அன்று செல்மாவிலிருந்து வந்த பேரணி மான்ட்கோமரியில் முடிந்தபோது மார்ட்டின் லூதர் கிங், உட்வர்டின் பெயரையும் நூலையும் சொல்லி, ஒதுக்கல் என்பது அரசியல்வாதிகள் செய்த தந்திரம் என்று எடுத்துக்காட்டினார். மான்ட்கோமரிக்குள் நுழைந்த அந்தக் கூட்டத்தில் உட்வர்டும் நடந்து வந்திருந்தார்.