பழைய யூனிக்ஸ் கணினியில் சிக்கியுள்ள கோப்புகளை மீட்க ஒரு கேபிள் போதும்: ஸ்லிப் இணைப்பு குறித்து அறிய வேண்டியவை

செமினி, காஜாங், பாங்கி வட்டாரத்தில் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் தொழிற்பேட்டைகளும் அருகருகே அமைந்துள்ளன. இத்தகைய இடங்களின் பொருள் கிடங்குகளில் 1980களின் இறுதியிலும் 1990களிலும் பயன்பட்ட யூனிக்ஸ் பணிநிலையக் கணினி ஒன்று தூசி படிந்து கிடப்பது அரிதல்ல. சன், சிலிக்கான் கிராஃபிக்ஸ், ஹியூலட் பேக்கார்ட், ஐபிஎம், டிஜிட்டல் ஆகிய நிறுவனங்கள் அந்தக் காலத்தில் இவ்வகைக் கணினிகளைத் தயாரித்தன.

இரும்புக்கடைக்கு அனுப்பும் முன் அந்தக் கணினியின் வன்தட்டில் இருப்பதை எடுக்க முடியுமா என்ற கேள்வி எழும். ஆய்வுத் தரவு, இயந்திர வரைபடம், கணக்கு, பழைய மின்னஞ்சல் என எதுவும் அதில் இருக்கலாம். அதில் யூஎஸ்பி துளை இருக்காது. நெட்வொர்க் இணைப்பு இருந்தாலும் இன்றைய கேபிள் அதில் பொருந்தாமல் போகலாம். ஆனால், ஏறக்குறைய எல்லா யூனிக்ஸ் கணினிகளிலும் சீரியல் துளை ஒன்று உண்டு. அதன் வழியாக இணைய நெறிமுறையை ஓட்டும் எளிய முறையே ஸ்லிப்.

ஸ்லிப் எப்படி வேலை செய்கிறது?

இணையத்தில் தரவு பொட்டலம் பொட்டலமாகச் செல்கிறது. சீரியல் கம்பியிலோ ஒன்றன்பின் ஒன்றாக பைட்டுகள் மட்டுமே செல்லும். எந்தப் பொட்டலம் எங்கே முடிகிறது என்பதைக் கம்பி அறியாது. ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 192 என்ற எண் கொண்ட பைட்டை அடையாளமாக வைக்கிறது ஸ்லிப். தரவுக்குள்ளேயே 192 வந்துவிட்டால், அதற்குப் பதிலாக 219, 220 என்ற இரு பைட்டுகளை அனுப்பும். 219 வந்தால் 219, 221 என்று அனுப்பும். எதிர்முனை இவற்றைப் பழையபடி மாற்றிக்கொள்ளும். ஸ்லிப்பின் வேலை இவ்வளவுதான்.

1980களின் தொடக்கத்தில் 3காம் நிறுவனத்தின் யூநெட் மென்பொருளில் இந்த முறை தோன்றியது. 1984இல் ரிக் ஆடம்ஸ் இதை பெர்க்லி யூனிக்ஸ் 4.2க்கும் சன் கணினிகளுக்கும் எழுதி எல்லோருக்கும் வெளியிட்டார். 1988 ஜூனில் ஜான் ராம்கி எழுதிய ஆர்.எஃப்.சி. 1055 ஆவணத்தில் இது பதிவானது. ஸ்லிப் ஒரு தரநிலை அல்ல என்று அந்த ஆவணத்தின் தலைப்பே சொல்கிறது. பிழை கண்டறியும் வசதியோ, முகவரிகளைத் தானாகப் பரிமாறும் வசதியோ, தலைப்புப் பகுதியைச் சுருக்கும் வசதியோ அதில் இல்லை என்பதையும் ஆவணம் வெளிப்படையாகக் கூறுகிறது.

ஒரு குறையை மட்டும் 1990 பிப்ரவரியில் வான் ஜேக்கப்சன் தீர்த்தார். டிசிபி இணைப்பில் ஒவ்வொரு பொட்டலத்தின் முன்னும் வரும் 40 பைட் தலைப்பை அவர் 3 முதல் 5 பைட்டாகச் சுருக்கினார். இது சி-ஸ்லிப் எனப்படுகிறது. பின்னர் வந்த பிபிபி நெறிமுறை மற்றக் குறைகளையும் நீக்கியது. 1994 ஜூலையில் வெளியான ஆர்.எஃப்.சி. 1661 அதன் தரநிலை. இருந்தும், பிபிபி இல்லாத பழைய இயந்திரங்களுக்கு ஸ்லிப்தான் இன்றும் கைகொடுக்கிறது.

மலேசியாவில் அந்தக் காலம்

1985இல் தொடங்கப்பட்ட மிமோஸ் நிறுவனம், 1980களின் பிற்பகுதியில் ரங்கோம் என்ற கட்டமைப்பின் வழி நாட்டின் பல்கலைக்கழகங்களைத் தொலைபேசிக் கம்பி மூலம் இணைத்தது. அதைத் தொடர்ந்து வந்ததே ஜாரிங். 1992இல் விநாடிக்கு 64,000 பிட் வேகம் கொண்ட செயற்கைக்கோள் இணைப்பு வழியாக மலேசியா அமெரிக்க இணையத்தோடு இணைந்தது. விநாடிக்கு 8,000 பைட் மட்டுமே கடத்தும் அந்த ஒரே பாதையை நாடே பகிர்ந்துகொண்டது. 1996இல் டிஎம்நெட் வந்த பிறகு தாமான் வீடுகளிலும் மோடம் ஒலி பரவலாகக் கேட்டது.

எட்டாவது பிட்டும் தமிழும்

சீரியல் இணைப்பைப் பேசும்போது தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒரு பைட்டில் 8 பிட்டுகள் உள்ளன. ஆங்கில எழுத்துக்கு 7 போதும் என்பதால் பழைய இணைப்புகளும் அஞ்சல் வழங்கிகளும் பல வேளைகளில் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டன. ஆங்கிலக் கடிதத்துக்கு அதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. டிஸ்கி போன்ற குறியேற்றங்களிலோ தமிழ் எழுத்துகள் 128க்கு மேற்பட்ட இடங்களில் இருந்தன. எட்டாவது பிட் போனால் தமிழ் முழுவதும் புரியாத குறிகளாக மாறிவிடும். அதனால்தான் அந்நாளில் பலர் தமிழை ரோமன் எழுத்தில் எழுதி அனுப்பினர்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காண உழைத்தவர்களில் மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் முக்கிய இடமுண்டு. முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழ் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவர். 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடந்த தமிழ் இணைய மாநாடு, 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடைபெற்றது.

அந்தக் காலத் தமிழ்க் கோப்புகள் பெரும்பாலும் சாதாரண மேசைக் கணினிகளில் எழுதப்பட்டவை. ஆனாலும் மாணவர்கள், விரிவுரையாளர்கள் ஆகியோரின் மின்னஞ்சல்களும் மடற்குழு உரையாடல்களும் பல்கலைக்கழக யூனிக்ஸ் கணக்குகளில்தான் தங்கின. தோட்டம் இருந்த இடத்தில் தாமான் எழுந்துவிட்ட பிறகு, அத்தகைய ஒரு வன்தட்டில் கிடக்கும் கடிதமோ பெயர்ப்பட்டியலோ வேறெங்கும் கிடைக்காத ஒன்றாக இருக்கலாம்.

எந்தக் கணினியில் ஸ்லிப் உள்ளது?

பெர்க்லி யூனிக்ஸ் 4.3, டிஜிட்டலின் அல்ட்ரிக்ஸ், ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் ஆகியவற்றில் எஸ்எல்-அட்டாச் என்ற கட்டளை உண்டு. ஐரிக்ஸில் ஸ்லிப் என்ற பெயரிலும், எச்பி-யூஎக்ஸில் பிபிஎல் என்ற பெயரிலும் வசதி இருக்கும். சில இயந்திரங்களில் இது விருப்பத் தொகுப்பாக வந்ததால் நிறுவப்படாமல் இருக்கலாம். சன் ஓஎஸ் 4இல் ஸ்லிப் உடன் வரவில்லை. வெளியிலிருந்து மூலநிரலைப் பெற்று, கெர்னலில் சேர்த்து, மீண்டும் தொகுக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது பழைய கெர்னலை வேறு பெயரில் அவசியம் பத்திரப்படுத்த வேண்டும். புதியது இயங்காவிட்டால் பழையதைக் கொண்டு கணினியை எழுப்பலாம்.

எதிர்முனைக்கு லினக்ஸ் உள்ள சாதாரண மடிக்கணினியும் யூஎஸ்பி-சீரியல் மாற்றியும் போதும். லினக்ஸில் ஸ்லிப் இன்னும் உள்ளது. அதற்கான கட்டளை நெட்-டூல்ஸ் தொகுப்பில் கிடைக்கும்.

இணைக்கும் முறை

1. கேபிள்: இரு கணினிகளை நேராக இணைக்க, அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக மாறிய நல்-மோடம் கேபிள் தேவை. 9 ஊசித் துளையில் 2 பெறுவது, 3 அனுப்புவது, 5 தரை. 25 ஊசித் துளையில் 2 அனுப்புவது, 3 பெறுவது, 7 தரை. ஆகவே 9 ஊசியை 25 ஊசியோடு சேர்க்கும்போது 2க்கு 2, 3க்கு 3, 5க்கு 7. ஓட்டக் கட்டுப்பாட்டுக்கு 9 ஊசியின் 7ஐ 25 ஊசியின் 5க்கும், 8ஐ 4க்கும் இணைக்க வேண்டும். சில யூனிக்ஸ் கணினிகள் எதிர்முனையில் மோடம் இருப்பதற்கான குறிப்பு வரும்வரை துளையைத் திறக்காது. 25 ஊசிப் பக்கத்தில் 20ஐ அதே பக்கத்தின் 6, 8 ஆகியவற்றோடு சேர்த்தால் இது தீரும்.

2. உள்நுழைவை நிறுத்துதல்: அந்தத் துளையில் கடவுச்சொல் கேட்கும் கெட்டி நிரல் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டும் மோதும். சன் ஓஎஸ் 4இல் டிடிஒய்-டேப் கோப்பிலும், சிஸ்டம் ஃபைவ் வகைகளில் இனிட்-டேப் கோப்பிலும் அதை நிறுத்த வேண்டும்.

3. வேகமும் வடிவமும்: இரு முனைகளிலும் ஒரே வேகம், 8 பிட், பாரிட்டி இல்லை என அமைக்க வேண்டும். முதலில் 9,600இல் தொடங்குவது நல்லது. எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் எனப்படும் மென்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். அது 17, 19 என்ற பைட்டுகளைத் தனக்கான கட்டளையாக விழுங்கிவிடும். ஸ்லிப் அவற்றைப் பாதுகாப்பதில்லை.

4. முகவரி: ஸ்லிப் தானாக முகவரி வழங்காது. பழைய கணினிக்கு 192.168.10.2 என்றும் மடிக்கணினிக்கு 192.168.10.1 என்றும் இஃப்-கான்ஃபிக் கட்டளையால் கையால் கொடுக்க வேண்டும். ஒருவரின் சொந்த முகவரி மற்றவருக்கு எதிர்முனை முகவரி.

5. பொட்டல அளவு: இரு பக்கமும் ஒரே அளவு வேண்டும். 296 பைட் பரவலாகப் பயன்படுவது. பெர்க்லியின் தொடக்க ஸ்லிப்பில் உச்ச அளவு 1,006.

எவ்வளவு நேரம் ஆகும்?

சீரியல் கம்பியில் ஒரு பைட்டுக்குத் தொடக்கம், முடிவு சேர்த்து 10 பிட் செலவாகும். எனவே 9,600 வேகம் என்றால் விநாடிக்கு 960 பைட். ஒரு மெகாபைட்டுக்குக் குறைந்தது 18 நிமிடம். 38,400இல் நாலரை நிமிடம். 100 மெகாபைட் வன்தட்டு என்றால் 38,400இல் ஏழரை மணி நேரத்துக்கு மேல், 9,600இல் 30 மணி நேரம். எனவே தேவையான கோப்புகளை டார் கட்டளையால் கட்டி, கம்ப்ரஸ் கட்டளையால் சுருக்கிய பின் அனுப்புவதே முறை. வேறெங்கும் நகல் இல்லாத கோப்புகள் முதலில் போக வேண்டும்.

வேலை செய்யாவிட்டால்

முதலில் பிங் கட்டளையால் சோதிக்கலாம். வழக்கமான 84 பைட் பிங், 9,600 வேகத்தில் போய்த் திரும்ப ஏறக்குறைய 175 மில்லிவிநாடி பிடிக்கும். அந்த அளவில் வந்தால் கம்பி சரி.

பிங் போகிறது, ஆனால் டெல்நெட்டும் எஃப்டிபியும் அப்படியே நின்றுவிடுகின்றன என்றால், ஒரு முனை ஸ்லிப்பிலும் மறுமுனை சி-ஸ்லிப்பிலும் இருக்கிறது. சி-ஸ்லிப் சுருக்குவது டிசிபியை மட்டுமே. பிங் டிசிபி அல்ல. சிறிய பொட்டலம் போய்ப் பெரியது போகவில்லை என்றால் ஓட்டக் கட்டுப்பாட்டுக் கம்பியையோ பொட்டல அளவையோ பார்க்க வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் 2, 3 கம்பிகள் மாறியிருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

ஸ்லிப் பிழையைக் கண்டறியாது. டிசிபி தன் சொந்தச் சரிபார்ப்பைக் கொண்டிருப்பதால் எஃப்டிபி வழி அனுப்புவது நம்பகமானது. சன் ஓஎஸ் 4இல் யூடிபி சரிபார்ப்பு இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கும். அதில் என்எஃப்எஸ் வழி நகலெடுத்தால் கோப்பு கெட்டுப்போவது வெளியே தெரியாது. எஃப்டிபியிலும் பைனரி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் வரிமுடிவுகள் மாற்றப்பட்டு, சுருக்கிய கோப்பு திறக்காமல் போய்விடும்.

அனுப்பி முடித்ததும் இரு முனைகளிலும் சம் கட்டளையின் விடையை ஒப்பிட வேண்டும். பெர்க்லி வகைக்கும் சிஸ்டம் ஃபைவ் வகைக்கும் அதன் கணக்கு முறை வேறு என்பதால், ஒரே முறையைத்தான் இருபுறமும் பயன்படுத்த வேண்டும். எண்கள் வேறுபட்ட உடனே கோப்பு கெட்டது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

டெல்நெட், எஃப்டிபி இரண்டிலும் கடவுச்சொல் மறைவின்றிச் செல்லும். பழைய யூனிக்ஸின் பாதுகாப்புக் குறைகள் உலகறிந்தவை. கோப்பை மீட்பதற்கு இணையம் தேவையில்லை; இரு கணினிகள் மட்டும் பேசினால் போதும். மடிக்கணினியில் பொட்டலங்களை வெளியே கடத்தும் வசதியை நிறுத்தியே வைக்க வேண்டும்.

மீட்ட கோப்பில் தமிழ் இருந்தால், அது எழுதப்பட்ட எழுத்துருவையும் தேடி எடுத்து வைப்பது அவசியம். எந்தக் குறியேற்றம் என்று தெரிந்தால்தான் யுனிகோடுக்கு மாற்ற முடியும். மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. மாற்றியில் பிழை இருந்தால் திரும்பிப் பார்க்க அது ஒன்றே சான்று.

பல ஆண்டுகள் ஓடாத வன்தட்டு ஒருமுறை சுழலத் தொடங்கினால், மறுமுறை சுழலும் என்பதற்கு உறுதி இல்லை. எனவே கேபிள், மாற்றி, எதிர்முனைக் கணினி, கடவுச்சொல் என அனைத்தையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். ஓடத் தொடங்கியதும், கடைசிக் கோப்பு வந்து சேர்ந்து சரிபார்க்கப்படும்வரை அந்தக் கணினியை நிறுத்தாமல் இருப்பதே நல்லது.