ஐந்து கட்டங்கள், 1103 தலைமுறைகள்

ஐந்தே ஐந்து கட்டங்களில் ஆரம்பிக்கும் ஒரு உருவம் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? இன்று மருத்துவம் இல்லை, கொஞ்சம் கணித வரலாறு. நீளமான த்ரெட் தான், பொறுமையா படிங்க.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வே என்று ஒரு கணிதவியலாளர் இருந்தார். அவர் உருவாக்கிய விளையாட்டு 'கேம் ஆஃப் லைஃப்'. 1970 அக்டோபரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் இதைப் பற்றி எழுத, உலகம் முழுக்கப் பரவியது.

விதிகள் ரொம்ப சுலபம். கட்டம் போட்ட ஒரு பெரிய தாள். ஒவ்வொரு கட்டமும் ஒன்று உயிரோடு இருக்கும், இல்லையென்றால் காலி. ஒவ்வொன்றுக்கும் சுற்றிலும் எட்டு பக்கத்து வீடுகள்.

உயிருள்ள கட்டத்துக்குப் பக்கத்தில் 2 அல்லது 3 பேர் உயிரோடு இருந்தால் அது பிழைக்கும். குறைந்தால் தனிமையில் சாகும், கூடினால் நெரிசலில் சாகும். காலிக் கட்டத்துக்குச் சரியாக 3 பேர் பக்கத்தில் இருந்தால் அங்கே புது உயிர். அவ்ளோ தான்.

ஆரம்ப உருவத்தை வைப்பதோடு நம்ம வேலை முடிஞ்சது. அப்புறம் ஒவ்வொரு தலைமுறையையும் இந்த விதிகளே தீர்மானிக்கும். அதிர்ஷ்டத்துக்கு இதில் இடமே இல்லை.

ஐந்து கட்டங்களை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் மொத்தம் 12 வடிவங்கள் கிடைக்கும். அதில் 11 வடிவங்கள் சீக்கிரமே செத்துவிடும், அல்லது மாறாத ஒரு நிலைக்கோ, திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழற்சிக்கோ வந்துவிடும். ஒன்றே ஒன்று மட்டும் அடங்கவே இல்லை!

அதற்கு ஆர்-பென்டோமினோ என்று பெயர். நடுவில் செங்குத்தாக மூன்று கட்டங்கள். மேல் கட்டத்துக்கு வலப்பக்கம் ஒன்று, நடுக்கட்டத்துக்கு இடப்பக்கம் ஒன்று.

கான்வேயும் நண்பர்களும் முதலில் 'கோ' விளையாட்டுப் பலகையில் காய்களை வைத்துக் கையாலேயே இந்த மாதிரி உருவங்களைப் பின்தொடர்ந்தார்கள். இந்த உருவத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது தான் ரிச்சர்ட் கை என்பவர் ஒன்றைப் பார்த்தார். ஐந்து கட்டங்கள் கொண்ட ஒரு சின்னத் துண்டு, கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக நகர்ந்து போய்க்கொண்டே இருந்தது. அது தான் புகழ்பெற்ற 'கிளைடர்'.

கார்ட்னரின் கட்டுரை வந்தபோது 460 தலைமுறை வரை பார்த்திருந்தார்கள். முடிவு தெரியவில்லை. பிறகு கணினியில் ஓட்டிப் பார்த்தபோது விடை கிடைத்தது: 1103-வது தலைமுறையில் அடங்குகிறது. ஐந்து கட்டங்கள் 116 ஆகியிருந்தன. அதில் 30 கட்டங்கள், வெளியே பறந்துகொண்டிருக்கும் ஆறு கிளைடர்கள்.

இப்படிச் சின்னதாக ஆரம்பித்து நீண்ட காலம் ஓடும் உருவங்களுக்கு 'மெத்தூசலா' என்று பெயர். பைபிளில் 969 வயது வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மனிதரின் பெயர்.

இன்னும் இரண்டு மெத்தூசலாக்களைப் பாருங்க. இரண்டுக்குமே ஆரம்பத்தில் 7 கட்டங்கள் தான். 'டைஹார்ட்' 130 தலைமுறை போராடி, ஒரு கட்டம்கூட மிச்சமில்லாமல் மறைந்துவிடும். சார்லஸ் கார்டர்மேன் கண்டுபிடித்த 'ஏக்கார்ன்' 5206 தலைமுறை ஓடும். ஆரம்ப உருவத்தை மட்டும் பார்த்து எது எப்படி முடியும் என்று சொல்லுங்க பார்ப்போம்!

சொல்ல முடியாது. இது நம்ம திறமைக் குறைவும் இல்லை. இந்த விளையாட்டுக்குள்ளேயே ஒரு முழுக் கணினியைக் கட்ட முடியும் என்று பின்னர் நிரூபித்தார்கள். அதனால், ஆலன் டூரிங் 1936-ல் காட்டிய எல்லை இதற்கும் பொருந்தும். எந்த உருவத்தைக் கொடுத்தாலும் அதன் முடிவை முன்கூட்டியே சொல்லும் பொதுவான வழிமுறை கிடையாது.

இது உடலின் மாதிரி இல்லை, அப்படி யாரும் எடுத்துக்க வேண்டாம். ஆனா ஒரு விஷயம் எனக்கு உறைக்குது. நாலு வரி விதி, அதுவும் முழுசா தெரிஞ்ச இடத்திலேயே இந்த நிலைமை. மனித உடலின் விதிகளில் நமக்குத் தெரிஞ்சது கொஞ்சம் தான்.

"இன்னும் எத்தனை நாள் டாக்டர், தெளிவா சொல்லுங்க" என்று ஐசியூ வாசலில் கேட்பாங்க. "இன்னிக்கு ராத்திரி தாண்டட்டும், காலையில பார்த்துட்டு சொல்றேன்" என்றால் மழுப்புறோம்னு கோபம் வரும். அந்தக் கோபம் நியாயம் தான். ஆனா பல நேரம் அது தான் உண்மையான பதில். அந்த ராத்திரி முழுக்க யாராவது மணிக்கொரு தடவை பல்ஸ், பிபி பார்த்துக்கிட்டே இருப்பாங்க என்பதும் அந்தப் பதிலில் சேர்த்தி.

கான்வே 2020 ஏப்ரல் 11 அன்று, 82 வயதில், கோவிட் தொற்றால் அமெரிக்காவில் காலமானார்.

வீட்டில் கட்டம் போட்ட நோட்டு இருந்தா, பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆர்-பென்டோமினோவைப் பத்து தலைமுறை கையால் வரைஞ்சு பாருங்க. பதினொன்றாவது எப்படி இருக்கும்னு வரையறதுக்கு முன்னாடியே சொல்லச் சொல்லுங்க.